பயாப்ஸி பாட்டிலோடு பழைய நோய் வரலாற்றையும் அனுப்புங்கள்

வயிறு, கண், பல், தோல், மகப்பேறு, நரம்பு, சிறுநீரகம் என்று தனித்தனித் துறைகளில் நோயாளிகளைப் பார்க்கும் தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

நான் ஒரு நோயியல் மருத்துவர். நோயாளியின் உடலிலிருந்து சோதனைக்காக எடுத்து (பயாப்ஸி), கெடாமல் இருக்க ஃபார்மலின் பாட்டிலில் போட்டு நீங்கள் அனுப்பும் திசுவை வெட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. ஒரே ஒரு கோரிக்கையோடு இந்த மடலை எழுதுகிறேன். உங்களிடம் வரும் பெண் எந்தத் தொந்தரவுக்காக வந்திருந்தாலும், அவருக்கு முன்பு எப்போதாவது மார்பகப் புற்றுநோய் வந்ததா என்று கேளுங்கள். கேட்டதை பயாப்ஸி ஃபார்மில் எழுதி அனுப்புங்கள்.

இதற்கு ஒரு மடல் தேவையா என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் லேபுக்கு வரும் ஃபார்ம்களைப் பார்த்தால் தேவை என்றுதான் சொல்வீர்கள். பெயர், வயது, ஐ.பி. நம்பர் எல்லாம் சரியாக இருக்கும். 'கிளினிக்கல் ஹிஸ்டரி' என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு, அல்லது 'கேஸ்ட்ரைட்டிஸ்?' (இரைப்பை அழற்சியா?) என்று ஒரே ஒரு வார்த்தை.

மார்பகப் புற்றுநோய் பரவினால் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகிய நான்கு இடங்களுக்குப் போகும் என்று எம்.பி.பி.எஸ். காலத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டதால், அதற்கு வெளியே ஒன்று வரும்போது நமக்குப் பொறி தட்டுவதில்லை. வயிற்றில் வந்தால் வயிற்று நோய், கண்ணில் வந்தால் கண் நோய், ஈறில் வந்தால் பல் நோய் என்றே எடுத்துக்கொள்கிறோம்.

இந்த நோய் போகும் இடம் தற்செயலானது இல்லை என்பது 1889-லேயே தெரிந்த விஷயம். லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்தார். கல்லீரலில் நோய் பரவியிருந்த அளவுக்கு மண்ணீரலில் பரவியிருக்கவில்லை. ரத்தம் இரண்டுக்கும்தான் போகிறது. எனவே விதை எங்கும் விழுந்தாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஆராய்ச்சி இதோடு ஒன்றைச் சேர்த்தது: விதையின் வகையைப் பொறுத்தும் மண் மாறும்.

அந்த வகைகளில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது லோபுலார் கார்சினோமா. உலக அளவில் மார்பகப் புற்றுநோய்களில் 10 முதல் 15 சதவீதம் இந்த வகை. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் இ-கேட்ஹெரின் என்ற புரதம் இதில் இல்லாமல் போகிறது. ஒட்டு விட்டுப்போனதால் செல்கள் கட்டியாகத் திரளாமல், தனித்தனியாக, ஒற்றை வரிசையில் திசுவுக்குள் ஊர்ந்துபோகும். மார்பிலேயே கைக்குச் சரியாகத் தட்டுப்படாது, மேமோகிராமிலும் மங்கலாகத்தான் தெரியும். பரவும்போதும் இதே குணம்தான். இரைப்பை, குடல், வயிற்று உறை, சூலகம், கர்ப்பப்பை, மூளையைச் சுற்றிய சவ்வு, கண்குழி என்று போய், அங்கேயும் கட்டியாக நிற்காமல் சுவரோடு சுவராகப் படர்ந்துவிடும். ஸ்கேனில் 'லேசான தடிப்பு' என்பதற்கு மேல் எதுவும் வராமல் போகலாம். புற்றுநோய் இருக்கும் இடங்களை ஒளிரவைத்துக் காட்டும் சாதாரண பெட் ஸ்கேனில்கூட இந்த வகை சில சமயம் ஒளிராது. பெட் ஸ்கேன் சுத்தம் என்ற ஒரு வரியை வைத்துச் சந்தேகத்தை மூடிவிடாதீர்கள்.

இரைப்பையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்களுக்கும் உங்களுக்கும் இடையே அதிகம் தவறிப்போவது அங்கேதான்.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். ரெண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, எடை குறைகிறது. மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை சாப்பிட்ட பிறகு எண்டோஸ்கோபி செய்திருக்கிறார்கள். காற்றை உள்ளே விட்டும் இரைப்பை விரியவில்லை. உள்சவ்வில் பெரிதாகப் புண் எதுவும் இல்லை. முதல் பயாப்ஸி வேறொரு லேபில், 'நாள்பட்ட இரைப்பை அழற்சி' என்று வந்திருந்தது. இரண்டாவது பயாப்ஸி எங்களிடம் வந்தது. ஃபார்மில் 'லினைட்டிஸ் பிளாஸ்டிகா?' என்று இருந்தது. இரைப்பைச் சுவர் முழுவதும் இறுகித் தோல் பை போல ஆகிவிடும் நிலைக்கு அந்தப் பெயர். முன்பு வந்த நோய் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

மைக்ராஸ்கோப்பில் இரைப்பைச் சுரப்பிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவற்றுக்கு நடுவே சிறுசிறு செல்கள் தனித்தனியாகக் கிடந்தன. அவசரத்தில் பார்த்தால் சாதாரண அழற்சி செல்கள் என்றே கடந்துவிடலாம். சிலவற்றில் மட்டும் உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு மோதிர வடிவம் எடுத்திருந்தது. சிக்னெட் ரிங் செல். அறுபது வயது, சுருங்கிய இரைப்பை, சிக்னெட் ரிங் செல் என்றால் எந்த நோயியல் மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இரைப்பையிலேயே தோன்றும் புற்றுநோய்தான். அறுவை சிகிச்சைக்கும் பேசிவைத்திருந்தார்கள். சுரப்பிகள் அவ்வளவு ஒழுங்காக இருந்தது எனக்கு உறுத்தியது. ஃபார்மில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மகள்தான் எடுத்தார்.

"அம்மாவுக்கு முன்னாடி எப்பவாவது ஆபரேஷன் ஏதும் ஆயிருக்காம்மா?"

"கர்ப்பப்பை எடுத்திருக்காங்க மேடம்."

"வேற ஏதாவது?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மார்புல ஒரு கட்டி எடுத்தாங்க மேடம். ஒம்போது வருஷம் ஆச்சு. அப்பவே முழுசா கொணமாயிருச்சுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கும் வயித்துக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

அந்தக் கேள்வி மகளிடமிருந்து வருவது நியாயம். நம்மிடம் அது இருக்கக் கூடாது.

அதன் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. மார்பகத்தைச் சுட்டும் காட்டா3, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) இரண்டும் பாசிட்டிவ். குடல் வகையைச் சுட்டும் சி.டி.எக்ஸ்.2, சி.கே.20 இரண்டும் நெகட்டிவ். பழைய ஆஸ்பத்திரியிலிருந்து பிளாக் (அன்று எடுத்த கட்டியின் திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டை) வந்தது. அதே லோபுலார் செல்கள். இரைப்பையை எடுக்கும் திட்டம் கைவிடப்பட்டது. ஹார்மோன் தடுப்பு மாத்திரையும் அதோடு சேர்த்துத் தரும் மாத்திரையும் தொடங்கினார்கள். சில மாதங்களில் அவரால் ஓரளவு சாப்பிட முடிந்தது. குணமாகிவிட்டது என்று சொல்லவில்லை. பரவிய நோய் பரவிய நோய்தான். ஆனால் பயன் தராத ஒரு பெரிய அறுவையும், வேறொரு நோய்க்கான கீமோவும் அவர் உடம்பில் ஏறவில்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஒரு சொல் மாறினால் சிகிச்சை முழுவதும் மாறுகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

"எல்லாச் சோதனையையும் நீங்களே போட்டுப் பார்த்திருக்கலாமே" என்று என்னிடம் கேட்ட நண்பர்கள் உண்டு. எண்டோஸ்கோபியில் எடுக்கும் துண்டு கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தாலே அதிகம். ஒவ்வொரு சாயத்துக்கும் அதிலிருந்து ஒரு சீவல் போகிறது. குத்துமதிப்பாகப் பத்துச் சாயம் போட்டால் பதினொன்றாவதற்குத் திசு இருக்காது. நோயாளியின் பணமும் போகும். வரலாறு தெரிந்தால் தேவையான நாலைந்து சாயத்தில் விடை கிடைத்துவிடும்; மிச்சத் திசு, சிகிச்சையைத் தீர்மானிக்கும் ஹெர்2 என்ற புரதத்தைப் பார்க்க உதவும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இ-கேட்ஹெரின் இல்லாமல் போவது லோபுலார் மார்பகப் புற்றுநோயில் மட்டும் நடப்பதில்லை. இரைப்பையிலேயே தோன்றி, கட்டியாகத் திரளாமல் சுவரில் படரும் வகைப் புற்றுநோயிலும் நடக்கிறது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி இனத்தின் ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த இரைப்பைப் புற்றுநோயை ஆராய்ந்தபோதுதான், இந்தப் புரதத்துக்கான சி.டி.எச்.1 மரபணுவில் உள்ள பழுது 1998-ல் வெளிப்பட்டது. அதே பழுது உள்ள பெண்களுக்கு லோபுலார் மார்பகப் புற்றுநோயும் வரலாம் என்பது பிறகு தெரியவந்தது. அதாவது மார்பில் லோபுலார் வந்த பெண்ணுக்கு இரைப்பையில் புதிதாக இன்னொரு புற்றுநோய் வரவும் வாய்ப்பிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் பழைய ஸ்லைடையும் புதிய ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே 'முன்பு மார்பகப் புற்றுநோய்' என்பதோடு எந்த ஆண்டு, எந்த ஊர் ஆஸ்பத்திரி என்பதையும் எழுதினால் பிளாக்கைத் தேடிப் பிடிப்பது எளிது.

எண்டோஸ்கோபி செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்த நோய் பெரும்பாலும் உள்சவ்வுக்குக் கீழே இருக்கும். மேலோட்டமாக எடுத்த ஒரு துண்டில் வராமல் போகலாம். சந்தேகம் இருந்தால் எடுத்த இடத்திலேயே மறுபடி ஃபோர்செப்ஸை வைத்து ஆழமாக எடுங்கள், பல இடங்களில் எடுங்கள். காற்று விட்டும் விரியாத இரைப்பை என்று கண்ணால் பார்த்ததை ஃபார்மிலும் எழுதுங்கள்.

இனி காலம் பற்றி. ஐந்து வருடம் தாண்டினால் தப்பித்துவிட்டோம் என்று நோயாளிகள் நம்புகிறார்கள், நம்மில் பலரும் அப்படியே சொல்கிறோம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ் வகைக்கு இது பொருந்தாது. ஐந்து ஆண்டு ஹார்மோன் சிகிச்சை முடித்து, நோய் திரும்பாமல் இருந்த 62,923 பெண்களின் தரவை ஒன்றாகத் தொகுத்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. ஐந்தாவது ஆண்டிலிருந்து இருபதாவது ஆண்டு வரை நோய் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தது. கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து நெறிக்கட்டிக்கு (நிணநீர்க் கணு) பரவாத பெண்களிலேயே அந்தப் பதினைந்து ஆண்டுகளில் 13 சதவீதம் பேருக்கு உடலின் வேறு இடத்தில் நோய் தோன்றியது. கட்டி அதைவிடப் பெரிதாக இருந்து, நான்கு முதல் ஒன்பது நெறிக்கட்டிகளில் பரவியிருந்தவர்களில் அது 41 சதவீதம். அந்தப் பெண்கள் பழைய காலச் சிகிச்சை பெற்றவர்கள், இன்று நிலைமை இதைவிட நன்றாக இருக்கும் என்பது உண்மை. இருந்தாலும், 'அது பதினைந்து வருஷத்துக்கு முன்னாடி' என்று கேட்டதும் பேனாவை மூடிவிட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு நோய் திரும்புவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாம் கேட்கும் கேள்வியாலேயே அந்தப் பெண் பயந்துபோகக் கூடாது.

எப்படிக் கேட்பது என்பதில்தான் எனக்கு அதிக அக்கறை. "வேறு ஏதாவது வியாதி இருக்கா?" என்று கேட்டால் சுகர், பிரஷர், தைராய்டு என்று வரும். "ஆபரேஷன் ஆயிருக்கா?" என்றால் சிசேரியன், கர்ப்பப்பை என்று வரும். மார்பு வராது. மறதியால் வராமல் போகிறது என்று நான் நினைக்கவில்லை. பக்கத்தில் மருமகளோ சம்பந்தியோ உட்கார்ந்திருப்பார். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கும்; 'அம்மாவுக்கு கேன்சராம்' என்ற பேச்சு வெளியே போனால் வரன் தட்டிப்போகும் என்ற பயம் இருக்கும். ஆண் டாக்டரிடம் மார்பு என்ற சொல்லையே எடுக்கத் தயங்கும் பெண்கள் இன்னும் எத்தனையோ பேர். 'தையல் போட்டாங்க', 'கட்டி எடுத்தாங்க' என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். கூட வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நர்ஸை வைத்துக்கொண்டு நேராகவே கேளுங்கள்: "எப்பவாவது மார்புல கட்டி வந்து ஆபரேஷன், கரண்ட், ஊசி மருந்து ஏதாவது எடுத்திருக்கீங்களாம்மா?" ரேடியேஷனை நம் மக்கள் 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லில் கேட்டால் பதில் வருகிறது.

மற்ற இடங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அவரவர் துறை அவரவருக்குத் தெரியும்.

கண் மருத்துவர்களுக்கு: கண்ணுக்குள் பரவும் புற்றுநோய்க்குப் பெண்களிடம் முதல் காரணம் மார்பகம்தான். விழித்திரைக்குப் பின்னால் உள்ள கோராய்டு படலத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு மேடு, பார்வை மங்கல், ஒளிக்கீற்று. கண்குழியில் வந்தால் அதற்கு ஒரு விசித்திரமான முகம் உண்டு. கண்குழிக் கட்டி என்றால் கண் வெளியே தள்ளும் என்றுதான் எதிர்பார்ப்போம். இந்த நோய் திசுவை இறுக்கிச் சுருக்குவதால் கண் உள்ளே போய்விடும். ஒரு கண் குழி விழுந்து, இமை சற்றே தொங்கி வரும் பெண்ணிடம் வயதானதால்தான் என்று சொல்லிவிடாதீர்கள்.

பல் மருத்துவர்களுக்கு: கீழுதட்டிலும் தாடை நுனியிலும் ஒரு பக்கம் மரத்துப்போயிருக்கிறது என்று யாராவது சொன்னால், அதற்குப் பல்லில் தெளிவான காரணம் இல்லாவிட்டால், தாடை எலும்பில் நோய் பரவியிருக்கக்கூடும். உங்களிடம் கேள்வி கேட்க இன்னொரு காரணமும் இருக்கிறது. எலும்பைக் காக்க ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போட்டுக்கொண்ட பெண்ணுக்குப் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகலாம். ஒரே கேள்வியில் இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

தோல் மருத்துவர்களுக்கு: அறுவைத் தழும்பைச் சுற்றித் தடித்துச் சிவந்து, படர்தாமரைக் களிம்புக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் மசியாத தோலை ஒரு பஞ்ச் பயாப்ஸி எடுத்துப் பாருங்கள். தலையில் புழுவெட்டு மாதிரி வழுவழுப்பாக முடி கொட்டிய இடத்தை விரலால் அழுத்திப் பார்த்து, அடியில் கெட்டியாக இருந்தால் அதையும்.

மகப்பேறு மருத்துவர்களுக்கு: மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு உதிரப்போக்கு என்றால் அந்த மாத்திரையால் வரும் பாலிப் (சதை வளர்ச்சி), கர்ப்பப்பைப் புற்றுநோய் இரண்டையும் நீங்கள் மறக்க மாட்டீர்கள். மார்பகத்திலிருந்தே கர்ப்பப்பைக்கும் அந்தப் பாலிப்புக்குள்ளும் பரவ முடியும் என்பதை மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சூலகமும் பெருத்திருந்தால் மூல நோயிடத்தை இரைப்பையில் தேடுவதோடு மார்பகத்திலும் தேடுங்கள்.

பொது மருத்துவர்களுக்கு மூன்று. அடங்காத தாகம், குடம் குடமாகச் சிறுநீர், ஆனால் சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது என்றால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் பரவியிருக்கலாம். அந்தச் சுரப்பிக்குப் பரவும் புற்றுநோய்களில் மார்பகமும் நுரையீரலும்தான் முன்னால் நிற்கின்றன. இரும்புச்சத்து மாத்திரைக்கு ஏறாத ரத்தசோகையோடு தட்டணுவும் குறைந்தால், ரத்தத்தை ஸ்லைடில் தடவிப் பார்க்கும் ஸ்மியர் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். முதிராத வெள்ளணுக்களும் உட்கரு உள்ள சிவப்பணுக்களும் இருந்தால் எலும்பு மஜ்ஜையைச் சோதிக்க வேண்டும். கல் எதுவும் இல்லாமல் இரண்டு சிறுநீர்க் குழாயும் அடைபட்டு, சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறினால், வயிற்றின் பின்பக்கத் திசுவில் நோய் படர்ந்து இறுக்கியிருக்கலாம்.

நரம்பியல் மருத்துவர்களுக்கு ஒன்றே ஒன்று. மூளைச் சவ்வில் பரவியிருக்கிறதா என்று முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீரில், முதல் முறை பாதிப் பேருக்குத்தான் செல்கள் அகப்படும். கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ.யும் எடுத்து, தேவைப்பட்டால் மறுபடியும் நீர் எடுத்து அனுப்புங்கள். கூடுதலாக அனுப்புங்கள், உடனே அனுப்புங்கள். நேரம் போனால் செல்கள் சிதைந்துவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு மறுபக்கமாகச் சாய்ந்துவிடவும் கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்த பெண்ணுக்குக் கழுத்தில் நெறி கட்டினால், முதுகெலும்பு அரிக்கப்பட்டிருந்தால், நுரையீரலில் நிழல் தெரிந்தால், பயாப்ஸி இல்லாமலே 'திரும்பிவிட்டது' என்று எழுதிவிடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. நம் ஊரில் காசநோய் இந்த எல்லா வேஷத்தையும் போடும். கீமோ வரை போன பிறகு காசநோய் என்று தெரியவருவது எவ்வளவு பெரிய கொடுமை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டக்கூடிய இடம் என்றால் ஊசி போட்டுத் திசு எடுங்கள்.

பரவியது உறுதியான பிறகும் அந்தத் திசுவுக்கு வேலை இருக்கிறது. பழைய கட்டியில் இருந்த ஏற்பிகள் புதிய இடத்தில் அப்படியே இருக்கும் என்பதில்லை. பாசிட்டிவாக இருந்தது நெகட்டிவ் ஆகலாம். ஹெர்2 புதிதாகத் தோன்றலாம். முதல்முறை நோய் திரும்பும்போதே மறுபடி ஏற்பிகளைச் சோதிக்கச் சொல்லி உலக அளவிலான வழிகாட்டுதல்கள் கூறுவது இதனால்தான். 2022-க்குப் பிறகு ஹெர்2 கொஞ்சமாக இருந்தால்கூடப் பயன்படும் மருந்து வந்துவிட்டதால் இதன் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. எலும்பிலிருந்து எடுத்தால், கால்சியம் நீக்கும் கடும் அமிலத்தில் போட்டுவிடாமல், முடிந்தவரை மிருதுவான பகுதியைத் தனியாக அனுப்புங்கள். அமிலத்தில் ஊறிய திசுவில் ஏற்பிகள் பொய்யாக நெகட்டிவ் காட்டும்.

புற்றுநோய் மருத்துவர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். சிகிச்சை முடிந்து அனுப்பும்போது, எந்த வகை, ஏற்பிகள் என்ன, பிளாக் எண் என்ன என்பதை ஒரே தாளில் எழுதி லேமினேட் செய்து கொடுங்கள். தடிமனான ஃபைலைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். ஒரு தாள் என்றால் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்வார்கள். 'லோபுலார்' என்ற சொல் அதில் கண்டிப்பாக இருக்கட்டும். வயிறு சரியில்லை என்றாலும் அந்தத் தாளை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவருக்கும், கூடவே வீட்டில் ஒருவருக்கும் சொல்லி அனுப்புங்கள்.

ஃபார்மில் எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: மார்பகப் புற்றுநோய் உண்டா இல்லையா, உண்டென்றால் எந்த ஆண்டு, எங்கே சிகிச்சை, தெரிந்தால் வகை, இப்போது சாப்பிடும் மாத்திரை. கேட்டு இல்லை என்றால் 'இல்லை' என்றே எழுதுங்கள். வெற்றிடம் விட்டால் கேட்டீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இடம் போதாவிட்டால் பின்பக்கம் எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால் லேபுக்கு ஒரு போன் போடுங்கள், நாங்களே குறித்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் சக மருத்துவர்